இரவுச் சாப்பாட்டுக்குக் குடும்பமாக உட்கார்வது எப்படி: கைப்பேசியும் தொலைக்காட்சியும் இல்லாத அரை மணி நேரத்துக்கு ஒரு வழிகாட்டி

மதுரையில் பல வீடுகளில் மாலை 7 மணிக்குப் பற்றவைத்த அடுப்பு இரவு 10 மணி வரை ஓய்வதில்லை. மாத்திரை போட வேண்டிய அப்பத்தா ஏழரைக்குச் சாப்பிடுகிறார். டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள் எட்டரைக்குத் தட்டை எடுத்துக்கொண்டு தொலைக்காட்சி முன் உட்கார்கிறார்கள். மாசி வீதியிலோ விளக்குத்தூண் பக்கமோ கடையில் வேலை பார்க்கும் அப்பா ஒன்பதரைக்கு மேல் வந்து, கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார். எல்லோருக்கும் போட்டு முடித்த அம்மா, அடுப்படியில் நின்றபடியே மிஞ்சியதைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் விளக்கப் போகிறார். எங்கள் வீட்டில் இது மாறுவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அதே பாடு உங்களுக்கும் வேண்டாம் என்பதற்காகவே, எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது, எங்கே இடறும், எவ்வளவு செலவாகும் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் கையிலிருக்கும் கைப்பேசியைப் பிடுங்குவதில் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசி கைக்கு வருவது பெரும்பாலும் காத்திருக்கும் இடைவெளியில்தான். அடுத்த தோசை வரும்வரை, அண்ணன் கை கழுவி வரும்வரை, அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஏறி வரும்வரை என்று கிடைக்கும் இரண்டு மூன்று நிமிடங்களில் திரை திறக்கப்படுகிறது. திறந்த பிறகு அது மூடப்படுவதில்லை. ஆகவே முதலில் காத்திருப்பைக் குறைக்க வேண்டும். கீழே உள்ள முதல் மூன்று படிகள் அதற்காகவே உள்ளவை. கைப்பேசி நான்காவது படியில்தான் வருகிறது.

படி 1: வீட்டின் நேரத்தாளை எழுதுங்கள்

ஒரு வார காலம் யாரையும் எதையும் மாற்றச் சொல்லாமல், யார் எத்தனை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறார்கள், எத்தனை மணிக்குப் பசிக்கிறது என்கிறார்கள் என்பதை மட்டும் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்துவாருங்கள். அதற்குப் பின் பின்வரும் தாள்களை ஒன்றாக எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்: வேலைக்குப் போகிறவர்களின் ஷிப்ட் பட்டியல், பிள்ளைகளின் டியூஷன் நேரம், பெரியவர்களின் மருந்துச் சீட்டு. வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் அவர் வழக்கமாக அழைக்கும் நேரத்தையும், வீட்டில் தவறாமல் பார்க்கப்படும் தொடர்களின் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். இவை கண்முன் இல்லாமல் பேசினால், "நீங்கதான் லேட்டா வர்றீங்க" என்பதில் தொடங்கிச் சண்டையில் முடியும்.

மருந்துச் சீட்டுதான் இவற்றுள் முதன்மையானது. உணவுக்கு முன், உணவுக்குப் பின் என்று மருத்துவர் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். குறிப்பாக, உணவுக்கு முன் போடும் இன்சுலினைப் போட்டுக்கொண்ட ஒருவரை, "எல்லோரும் வந்துவிடட்டும்" என்று காக்கவைக்கக் கூடாது. சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோகும் ஆபத்து அதில் உண்டு. அப்படிப்பட்டவர் தம் வேளைக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு குடும்பம் உட்காரும்போது, மோரோ வெந்நீரோ ஒரு டம்ளரில் வைத்துக்கொண்டு அவரும் கூட உட்காரலாம். ஒன்றாக உட்கார்வதுதான் நோக்கம். எல்லோர் தட்டிலும் சோறு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்ற கேள்வியை மருத்துவரிடம் மட்டுமே கேளுங்கள்.

பிறகு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடர்கள் பெரும்பாலும் அரை மணிக் கணக்கில் ஓடுகின்றன என்பதால், சாப்பாட்டு நேரம் 8.30 அல்லது 9.00 என்று ஒரு தொடர் முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில் அமைவது நல்லது. 8.40 என்று வைத்தால் யாரோ ஒருவர் பாதிக் கதையில் எழுந்து வர வேண்டியிருக்கும். எழுந்து வந்தாலும் மனம் அங்கேயே இருக்கும். கடைசியாக வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றி, முகம் கழுவி, சட்டை மாற்றக் கால் மணி நேரமாவது ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் மணி நேரத்தைக் கணக்கில் விட்டுவிடும் வீடுகளில் மற்ற எல்லோரும் தட்டின் முன் காத்திருப்பார்கள். காத்திருப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முன்பே சொன்னேன்.

வாரத்தில் 7 நாளும் வேண்டும் என்று தொடங்காதீர்கள். ஷிப்ட் பட்டியலைப் பார்த்து, எல்லோரும் நிச்சயம் வீட்டில் இருக்கும் 3 நாட்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 3 நாள் உறுதியான பின் நான்காவது நாளைப் பற்றிப் பேசலாம்.

படி 2: சமைக்கிறவரும் உட்காரும்படியான சமையலை முடிவுசெய்யுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலானோர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. என் அனுபவத்தில், எல்லாம் நிற்பதும் விழுவதும் இதில்தான்.

நம் பக்கத்து இரவுச் சாப்பாடு பெரும்பாலும் தோசை. தோசை சூடாக இருக்க வேண்டுமென்றால் ஒருவர் கல்லின் முன் நின்றே ஆக வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு மூன்று என்றாலும் பன்னிரண்டு தோசை ஊற்ற வேண்டும். ஒரு தோசை கல்லிலிருந்து எழும்பும் வரை மூன்று பேர் காலித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் தோசை மூத்தவருக்கு, இரண்டாவது பிள்ளைக்கு என்று போய், மூன்றாமவருக்கு வரும்போது முதலாமவர் சாப்பிட்டு முடித்துவிடுகிறார். ஊற்றிப் போடுகிறவர், எல்லோரும் எழுந்த பின், ஆறிப்போன கல்லில் தமக்கு இரண்டு ஊற்றிக்கொண்டு தனியே சாப்பிடுகிறார். அந்த வேளையில் அவருக்கும் துணையாக ஒரு கைப்பேசிதான் இருக்கிறது. கைப்பேசியை எங்கே பூட்டி வைத்தாலும், இப்படி நடக்கும் சாப்பாட்டைக் குடும்பச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த நாட்களில் தோசையை விட்டுவிடுங்கள். இட்லி இதற்கு மிகவும் ஏற்றது. இரண்டு ஈடு அவித்து ஹாட்பாக்ஸில் அடுக்கிவிட்டால் அரை மணி நேரம் சூடு தாங்கும். ஈரத்துணியோடு எடுத்து, மூடியில் கோத்திருக்கும் நீரைத் துடைத்துவிட்டு மூடினால் அடி இட்லி நைந்துபோகாது. தண்ணிச் சட்னி அரைத்துத் தாளித்துவிட்டால் கெட்டிச் சட்னியை அடிக்கடி பரிமாற வேண்டிய தேவையும் இல்லை. ஒரு தூக்குவாளியில் ஊற்றி நடுவில் வைத்துவிடலாம். இடியாப்பம், ரவைக் கிச்சடி, சேமியா, முன்கூட்டியே போட்டு வைத்த சப்பாத்தி, சோறும் ரசமும் அப்பளமும் என எதுவாயினும், எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமைத்தவரும் முதல் கவளத்திலிருந்தே உட்கார முடிகிறதா என்பதுதான் சோதனை. தோசை கட்டாயம் வேண்டுமென்று வீடு கேட்டால், அதை மற்ற நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஞாயிறு இரவில் ஆளுக்கு மூன்றாக முறைபோட்டு ஊற்றச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்த முறைக்கு வெகு விரைவில் பழகிவிடுகிறார்கள்.

தண்ணீர்ச் செம்பு, உப்பு, ஊறுகாய், கூடுதலாக ஒரு கரண்டி, கை துடைக்கத் துண்டு ஆகிய ஐந்தும் உட்காருமுன் நடுவில் இருக்க வேண்டும். "ஏம்மா, அந்தத் தண்ணியைக் கொஞ்சம் எடுத்துட்டு வர்றியா" என்று ஒருவரை எழுப்பினால், எழுந்தவர் திரும்பி வரும்போது கையில் கைப்பேசியும் சேர்ந்து வந்துவிடும்.

வெளியிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வாங்கிவரும் இரவுகளுக்கும் இதே கணக்குத்தான். வாங்கி வருகிறவர் வீட்டுக்குள் நுழைந்த பிறகே மற்றவர்கள் தட்டைப் போட வேண்டும். பொட்டலங்களைப் பிரித்துப் பாத்திரத்தில் மாற்றிவிட்டு உட்காருங்கள். ஆளுக்கொரு பொட்டலமாகப் பிரித்தால் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள்.

படி 3: உட்காரும் இடம்

சாப்பாட்டு மேசை வாங்க வேண்டியதில்லை. செல்லூரிலும் ஜெய்ஹிந்துபுரத்திலும் உள்ள சிறிய வீடுகளில் மேசை போட்டால் நடக்க இடமிருக்காது. ஒரு கோரைப்பாய் போதும். தொலைக்காட்சி இருக்கும் அதே கூடத்தில்தான் சாப்பிட வேண்டுமென்றால், பாயைத் தொலைக்காட்சியின் எதிரில் விரிக்காமல் அதன் பக்கவாட்டில், ஒருவரையொருவர் பார்த்து வட்டமாக உட்காரும்படி விரியுங்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தால் எல்லோருடைய பார்வையும் எதிர்ச்சுவரில்தான் போய் விழும்.

முட்டிவலி உள்ள பெரியவர்களைத் தரையில் உட்காரச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஆனால் அவரை மட்டும் நாற்காலியில் தள்ளி உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் கீழே பேசிக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரத்தில் அவர் பேச்சிலிருந்து விலகிவிடுவார். வட்டத்தின் ஓர் இடத்தை அவருடைய நாற்காலிக்கென்றே விட்டுவையுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் மொட்டைமாடி இருக்கிற வீடுகள் அங்கேயே உட்காரலாம். பௌர்ணமி இரவுகளில் நிலாச்சோறு நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். தொலைக்காட்சி இல்லாத இடம் என்ற வகையிலும் அது மிகவும் வசதி.

படி 4: கைப்பேசிகளுக்கு ஓர் இடம், ஓர் ஏற்பாடு

இப்போதுதான் கைப்பேசி. சாப்பிடும் இடத்திலிருந்து கையெட்டாத தொலைவில், எல்லோர் கண்ணிலும் படும்படியாக ஓர் இடத்தை ஒதுக்குங்கள். வாசல் பக்கத்து ஜன்னல் திண்டு அல்லது செருப்பு அலமாரியின் மேல்தட்டு பொருத்தமாக இருக்கும். திரையைக் கவிழ்த்துத் தட்டின் அருகே வைப்பது ஒருபோதும் பலன் தராது. எவர்சில்வர் தட்டிலோ இரும்பு அலமாரியின் மேலோ வைத்தால், அதிர்வு ஓசை மணியோசையைவிடப் பெரிதாகக் கேட்கும். கீழே ஒரு துணியை மடித்துப் போடுங்கள். சார்ஜில் போட்டிருக்கும் கைப்பேசிகளை மூடிய பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது, சூடேறும். மின்சாரப் பலகை திறந்த இடத்தில் இருக்கட்டும்.

முதலில் வைக்க வேண்டியது வீட்டில் மூத்தவரின் கைப்பேசி. அப்பாவும் அம்மாவும் வைத்த பிறகே பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். இந்த வரிசை மாறினால் மீதி எதுவும் நடக்காது.

"அவசரமாக யாராவது கூப்பிட்டால்?" என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வரும், அது நியாயமான கேள்வியும் கூட. அதற்கு இப்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அமைப்புகளில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்ற பகுதி உண்டு. அதில் 8.30 முதல் 9.15 வரை என்று நேரம் குறித்துவிட்டால், ஒவ்வொரு நாளும் அது தானாகவே இயங்கி, தானாகவே விலகும். அதே பகுதியில் நீங்கள் நட்சத்திரக் குறியிட்ட எண்களின் அழைப்பை மட்டும் அனுமதிக்கலாம். ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி ஒலிக்கும்படியும் செய்யலாம். ஐபோனிலும் இதே வசதி உண்டு. அதில் 3 நிமிடங்களுக்குள் மறுபடி அழைத்தால் ஒலிக்கும். ஊரிலிருக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும், "இரவு எட்டரைக்கு மேல் அவசரம் என்றால் வாட்ஸ்ஆப்பில் வேண்டாம், சாதாரண அழைப்பாக இரண்டு முறை அழையுங்கள்" என்று ஒரு முறை சொல்லிவைத்துவிட்டால் போதும்.

மருத்துவமனையிலோ மின்வாரியத்திலோ வேலை பார்க்கிறவர், இரவு அழைப்புக்குக் கட்டுப்பட்ட ஓட்டுநர் ஆகியோருடைய கைப்பேசியை மணியோசையோடு அதே ஜன்னல் திண்டில் வையுங்கள். அழைப்பு வந்தால் அவர் எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு, கைப்பேசியை மறுபடி திண்டில் வைத்துவிட்டு வரட்டும். பாயில் உட்கார்ந்தபடி பேசக் கூடாது. வீட்டோடு கடை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: பணம் வந்ததைச் சத்தமாக அறிவிக்கும் பெட்டி. கடையை அடைத்த பின்பும் அது பேசிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரத்தில் அதை அணைத்துவிடுங்கள்.

பள்ளி வாட்ஸ்ஆப் குழுவைச் சாக்காகச் சொல்லாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. வீட்டுப்பாடச் செய்திகள் இரவில்தான் வருகின்றன என்பது உண்மை. சாப்பிட உட்காருமுன் ஒரு முறை பார்த்துப் பிள்ளையின் டைரியில் எழுதிவிடுங்கள். எழுந்த பின் இன்னொரு முறை பாருங்கள். நடுவில் வரும் செய்தி அரை மணி நேரம் காத்திருக்கும்.

வெளிநாட்டு அழைப்புக்கும் நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இரவு 8.30 மணி என்றால் துபாயில் மாலை 7 மணி. சிங்கப்பூரிலோ இரவு 11 மணி. துபாயில் இருக்கும் பிள்ளை ஒரு மணி நேரம் கழித்து அழைப்பதில் சிரமம் ஏதுமில்லை. சிங்கப்பூரில் இருப்பவரிடம் இங்கே ஏழரைக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். காணொளி அழைப்பைப் போட்டுக் கைப்பேசியைப் பாயின் நடுவில் வைக்க மனம் கேட்கும். வாரத்தில் ஒரு நாள், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு அப்படிச் செய்வதை நான் குறை சொல்ல மாட்டேன். மற்ற நாட்களில் வேண்டாம்.

கைப்பேசியை எடுத்தவர் உண்டியலில் 10 ரூபாய் போட வேண்டும் என்ற அபராதத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அதை வைக்காதீர்கள். பணம் உள்ளவர் 10 ரூபாயைப் போட்டுவிட்டு நிம்மதியாகக் கைப்பேசியைப் பார்ப்பார். பணம் இல்லாத பிள்ளை மட்டுமே கட்டுப்படும். அதுபோலவே, ஒழுங்காக உட்கார்ந்த பிள்ளைக்குப் பரிசாகக் கூடுதல் கைப்பேசி நேரம் கொடுப்பதும் வேண்டாம்.

படி 5: தொலைக்காட்சி

தொலைக்காட்சியை ஒலி குறைத்து ஓடவிடுவது நடுவழி ஆகாது. படம் அசைந்தால் கண் போகும். செட்டாப் பாக்ஸையும் சேர்த்து, சுவர் ஸ்விட்சிலேயே அணையுங்கள். ரிமோட்டைக் கைப்பேசிகளோடு வையுங்கள்.

ஆனால் அப்பத்தாவின் தொடரைப் பறிக்க வேண்டாம். பகல் முழுதும் வீட்டில் தனியே இருக்கிற ஒருவருக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு பெரிது என்பதை வெளியே போய்வருகிறவர்கள் எளிதில் உணர்வதில்லை. சாப்பாட்டு நேரத்தோடு மோதும் ஒரே ஒரு தொடர் எது என்று அவரிடமே கேளுங்கள். பல தொடர்களை அந்தந்தத் தொலைக்காட்சியின் செயலியில் பிறகு பார்க்கலாம். மறுநாள் காலையில் பேரனோ பேத்தியோ அதைப் போட்டுக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்ளட்டும். எங்கள் வீட்டில் அப்பத்தா இப்படித்தான் சொன்னார்: "காலையில பார்த்துக்கிறேன் தாயி. ஆனா போட்டுத் தரணும், மறந்துறக் கூடாது." மறந்தால் மறுநாள் இரவு அவர் பாய்க்கு வர மாட்டார், அவர் பக்கம்தான் நியாயம்.

ஐபிஎல் மாதங்களில் மாலை ஆட்டம் 7.30 மணிக்குத் தொடங்குகிறது. கிரிக்கெட் பார்க்கும் வீடுகள் அந்த மாதங்களில் மட்டும் சாப்பாட்டை 7 மணிக்கு முன்தள்ளிக்கொள்ளலாம். முதல் இன்னிங்ஸ் முடிந்த இடைவேளைக்குத் தள்ளுவது நன்றாகத் தோன்றினாலும், அந்த இடைவேளை 20 நிமிடம்தான். அதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள்.

படி 6: கைப்பேசி காட்டி ஊட்டும் வீடுகளுக்கு

ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பாட்டுக் காணொளியைக் காட்டிச் சோறு ஊட்டும் வழக்கம் உள்ள வீடுகள் இதைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலில், 1 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரமே பரிந்துரைக்கப்படவில்லை. 2 முதல் 4 வயது வரை ஒரு நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் படித்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வீடே அலறும். முதலில் பகல் வேளை ஒன்றில் மட்டும் நிறுத்துங்கள். குழந்தையைத் தனியே முன்கூட்டி ஊட்டி முடிக்காமல், மற்றவர்கள் உட்காரும்போதே பாயில் உட்காரவைத்து, ஒரு சின்ன வட்டிலில் குழைந்த பருப்புச் சோற்றையோ நான்காகப் பிய்த்த இட்லியையோ வைத்து, அதன் கையாலேயே அளையவிடுங்கள். பாதி பாயில் சிந்தும், சிந்தட்டும். பழைய வேட்டித் துணி ஒன்றைக் கீழே விரித்தால் துடைப்பது எளிது.

தொடக்க நாட்களில் குழந்தை வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிடலாம். அதைக் கண்டு பயந்து, மூன்றாம் நாளே கைப்பேசியை மறுபடி எடுத்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. குழந்தை எடை குறைவாக இருந்தாலோ நோயிலிருந்து தேறிவரும் நிலையில் இருந்தாலோ, தொடங்குமுன் குழந்தைநல மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 7: என்ன பேசுவது

முதல் வாரம் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்று பதில் வரும். அந்த மௌனத்தை நிரப்பப் பாடுபட வேண்டியதில்லை. மெல்லும் ஓசையும் கரண்டி ஓசையும் மட்டும் கேட்டால் தவறில்லை.

செய்யக் கூடாதவற்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மதிப்பெண், கடன் பாக்கி, பெரியப்பா மகனோடு ஒப்பீடு, வரன் பேச்சு ஆகிய நான்கையும் இந்த அரை மணி நேரத்துக்குள் எடுக்காதீர்கள். எல்லோரும் ஒரே இடத்தில் சிக்கியிருக்கிறார்கள் என்பதனாலேயே இவற்றைப் பேச இதுதான் நல்ல சமயம் என்று பெரியவர்களுக்குத் தோன்றும். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் அரையாண்டுத் தேர்வைப் பற்றி இரண்டு இரவுகள் தொடர்ந்து கேட்டுவிட்டால், மூன்றாம் இரவு அதற்குப் பசிக்காது. அப்பாவோ அம்மாவோ தம் வேலையிடத்தில் அன்று நடந்த ஒன்றைத் தாமாகவே சொல்லத் தொடங்கினால் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். கேள்வி கேட்பதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் பேச்சு தானாகக் கிளம்பியது, வைகை நிறைய ஓடிய நாட்களில் தாம் ஆற்றைக் கடந்த விதத்தை அப்பத்தா சொல்லத் தொடங்கிய பிறகுதான்.

படி 8: செலவு

கட்டாயச் செலவு மிகக் குறைவு. எங்கள் பக்கத்துக் கடைகளில் விசாரித்த அளவில் தோராயமாகச் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும். பெரிய கோரைப்பாய் 300 முதல் 500 ரூபாய், சுமாரான ஹாட்பாக்ஸ் 600 முதல் 1,000 ரூபாய், கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு சுவர்க் கடிகாரம் 300 ரூபாய் சொச்சம். கடிகாரத்தை அவசியம் வாங்குங்கள். அது இல்லாத வீட்டில் மணி பார்க்கக் கைப்பேசியைத்தான் எடுப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டன் கைப்பேசி வைத்து, அதன் எண்ணை மட்டும் உறவினர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்றால் 1,000 முதல் 1,500 ரூபாயும் மாதக் கட்டணமும் ஆகும். நான்காம் படியில் சொன்ன ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு இது தேவைப்படாது. காசு கட்டி வாங்கும் கைப்பேசிக் கட்டுப்பாட்டுச் செயலிகளும் தேவையில்லை.

ஒரு வெள்ளைத்தாளில் 108, 112, குடும்ப மருத்துவர், பக்கத்து வீடு, அப்பாவின் கடை ஆகிய எண்களைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, தேர்ந்தெடுத்த நாட்கள், நேரம், கைப்பேசி வைக்கும் இடம் என்று மூன்றே வரியில் வீட்டு விதியை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் எழுதட்டும், பெரியவர்கள் கையெழுத்திடட்டும்.

படி 9: எவ்வளவு நாள் பிடிக்கும், எப்போது விட்டுக்கொடுப்பது

முதல் வாரம் புதுமையினால் நன்றாகவே போகும். இரண்டாவது, மூன்றாவது வாரங்களில்தான் முணுமுணுப்பு வரும். ஷிப்ட் மாறும், சொந்தக்காரர் பத்திரிகை வைக்கச் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வருவார். வந்தவரையும் ஒரு தட்டுப் போட்டு உட்காரவைத்துவிடுங்கள். அவருக்காகத் தொலைக்காட்சியைப் போட வேண்டாம். மூன்று நாளில் ஒரு நாள் தவறிப்போனால் அதை ஈடுகட்ட வேறு நாளைப் பிடிக்காமல், அடுத்து வரும் குறித்த நாளில் அதே மணிக்குப் பாயை விரியுங்கள்.

சித்திரைத் திருவிழா நாட்களில் விதியை நிறுத்திவையுங்கள். திருக்கல்யாணம், தேரோட்டம், அழகர் ஆற்றில் இறங்குவது என்று வீடு நிறைய ஆட்கள் வந்து போகும்போது யாரும் ஒரே மணிக்குச் சாப்பிட முடியாது. எதிர்சேவைக்குப் போனவர் எப்போது வீடு திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நேரத்தை அந்தப் பிள்ளையே முடிவுசெய்யட்டும். ஆனால் நிறுத்த வேண்டாம், 20 நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

கப்பலூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர்கள், கடை அடைத்து வரவே 10 மணி ஆகிறவர்கள் ஆகியோருடைய வீடுகளில் இரவுச் சாப்பாட்டைக் கட்டாயப்படுத்துவது சின்னப் பிள்ளைகளைப் பசியோடும் தூக்கத்தோடும் உட்காரவைப்பதில்தான் முடியும். அந்த வீடுகள் வார நாட்களில் காலைப் பலகாரத்தையும், விடுமுறை நாளில் மதியக் கறிச்சாப்பாட்டையும் எடுத்துக்கொள்ளலாம். காலை என்றால் 20 நிமிடம் கிடைத்தால் போதும். பள்ளி வேன் வரும் நேரத்திலிருந்து 45 நிமிடம் முன்தள்ளிச் சாப்பாட்டு மணியை வையுங்கள். சட்னிக்கு வேண்டியதை முந்தின இரவே எடுத்துவைத்து, சீருடை, பை, காலணி எல்லாவற்றையும் உட்காருமுன் வாசலில் தயாராக வைத்துவிட வேண்டும்.